மருந்து கவுன்டரில் காத்திருப்பை அளந்த ஐந்து செவ்வாய்க்கிழமைகள்

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இலவச மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கான நாள். என் அம்மாவுக்காக மாதந்தோறும் அங்கே மருந்து வாங்குவது என் வேலை. மருத்துவரைப் பார்ப்பதற்குப் பிடிக்கும் நேரத்தைவிட, அவர் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு மருந்து வாங்க நிற்கும் நேரம் அதிகமாகிவிட்ட ஒரு நாளில், எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி கால் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கவுன்டர்கள் இருந்தன. ஒன்று ஆண்களுக்கு, மற்றொன்று பெண்களுக்கு. அந்த நேரத்தில் ஆண்கள் கவுன்டருக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய கணிதமான வரிசைக் கோட்பாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் ஒரு உண்மையான வரிசையின் அருகே கடிகாரத்தோடு நின்று அளந்தது அதுவரை இல்லை. மறுநாளே நிர்வாகியைப் பார்த்து அனுமதி கேட்டேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் காரணம் என்னவென்று ஏற்கெனவே ஒவ்வொருவரிடமும் ஒரு விடை இருந்தது. கூட்டம் அதிகம் என்றார் மருந்தாளுநர். மருந்து கொடுப்பவர்கள் மெதுவாகச் செய்கிறார்கள் என்றார் ஒரு மருத்துவர். மூன்றாவது ஆளைப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் சம்பளத்துக்குப் பணமில்லை என்றார் நிர்வாகி. இந்த மூன்றில் எது சரி என்பதைச் சொல்ல ஓர் எண்ணும் யாரிடமும் இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை அளவீடு முழுவதையும் கடைசியில் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. வரிசையை அளக்க ஒவ்வொருவருக்கும் மூன்று நேரங்கள் வேண்டும்: வரிசையில் சேர்ந்த நேரம், கவுன்டரில் சீட்டை நீட்டிய நேரம், மருந்தை வாங்கிக்கொண்டு விலகிய நேரம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருப்பது காத்திருப்பு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருப்பது சேவை நேரம். என்னோடு வந்த இரண்டு மாணவிகளில் ஒருத்தி வாசலில் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாள். மற்றொருத்தி கவுன்டருக்கு மேலே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். மாலையில் கழித்துப் பார்த்தபோது மூன்று பேர் வரிசையில் சேர்வதற்கு முன்பே கவுன்டருக்குப் போய்விட்டதாகக் கணக்கு வந்தது. இரண்டு கடிகாரங்களுக்கும் இடையில் இரண்டு நிமிட வித்தியாசம் இருந்திருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் கைப்பேசியின் நேரத்தையே, வினாடியோடு சேர்த்து எழுதுவது என்று முடிவு செய்தோம்.

வீணாய்ப்போன அந்த நாள் வேறொரு பாடத்தையும் கொடுத்தது. வரிசை எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்குத் தெளிவான விஷயமல்ல. நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் செருப்பையோ பையையோ வைத்துவிட்டு, எதிரே இருந்த வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்மணி பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருடைய சீட்டையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். சிலர் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டுக் கடைவீதிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். ஆகவே விதிகளை எழுதி வைத்துக்கொண்டோம். செருப்பு வைத்த கணத்திலிருந்து அவர் வரிசையில் இருக்கிறார். மூன்று சீட்டு கொண்டுவந்தவர் ஒரு வருகைதான். ஆனால் அவருடைய சேவை நேரம் நீளமாக இருக்கும். விலகிப் போய்த் திரும்பி வந்தவரை முதல்முறை சேர்ந்த நேரத்திலிருந்தே கணக்கிட வேண்டும், ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அவர் அப்போதிலிருந்தே மருந்துக்காகத்தான் காத்திருக்கிறார். இன்னொன்று: மருந்தை வாங்கியவர் கவுன்டரிலேயே நின்று மாத்திரையை எண்ணிப் பார்த்தால், அந்த நேரமும் சேவை நேரத்தில் அடங்கும். மருந்தாளுநரின் கை சும்மா இருந்தாலும் அடுத்தவர் அணுக முடியாத வரை கவுன்டர் காலியாக இல்லை என்றே பொருள்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை 9.30 முதல் 12.30 வரை 180 நிமிடங்கள் அளந்தோம். மருத்துவர்கள் ஒன்பது மணிக்குப் பார்க்கத் தொடங்குவதால் 9.30க்கு முன்னால் மருந்து கவுன்டரில் வரிசை இருப்பதில்லை. அளவீடு வெறும் வரிசையிலிருந்து தொடங்கியது. 12.30க்குள் சேர்ந்தவர்களைக் கடைசி ஆள் மருந்து வாங்கும் வரை பின்தொடர்ந்தோம். மொத்தம் 144 பேர் வந்தார்கள். அவர்களில் பெண்கள் 84, ஆண்கள் 60. ஒருவருக்கு மருந்து கொடுக்கச் சராசரியாக 2 நிமிடம் ஆயிற்று. இரண்டு கவுன்டர்களிலும் இது ஏறத்தாழ ஒன்றேதான். பெண்கள் சராசரியாக 14 நிமிடம் காத்திருந்தார்கள், ஆண்கள் 3 நிமிடம் 40 வினாடி. பெண்களில் மிக நீண்ட காத்திருப்பு 29 நிமிடம்.

முடிவுகளைப் பேசும் முன் அளவீடு சரியா என்று பார்க்க வேண்டும். அதற்கு லிட்டில் விதி என்ற அருமையான உரைகல் இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் இதற்கு நிறுவல் கொடுத்தார்: வரிசையில் இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தையும் சராசரிக் காத்திருப்பையும் பெருக்கிய தொகைக்குச் சமம். வருகை எந்தப் பரவலில் அமைந்தாலும், சேவை எப்படி நடந்தாலும், யாரை முதலில் கூப்பிட்டாலும் இது பொருந்தும் என்பதுதான் இதன் பலம். பெண்கள் வரிசையில் நிமிடத்துக்கு 84ஐ 180ஆல் வகுத்த அளவு, அதாவது 0.467 பேர் வந்தார்கள். அதை 14 நிமிடத்தால் பெருக்கினால் 6.5 பேர். இதோடு ஒப்பிடுவதற்காகவே நேரம் குறிக்கும் வேலையோடு தொடர்பில்லாத மூன்றாவது மாணவி ஒருத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் தலைகளை மட்டும் எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய 36 எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 229, சராசரி 6.4. இந்தச் சிறு குறைவுக்கும் காரணம் தெரிந்தது. 12.30 மணிக்கு ஐந்து பெண்கள் இன்னும் வரிசையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் காத்திருந்த நேரம் தலை எண்ணிக்கையில் விழவில்லை. இரண்டு தனித்தனி வழிகளில் எடுத்த கணக்கு இப்படி ஒத்துப்போனபோதுதான், இனி இந்த எண்களை நம்பிப் பேசலாம் என்ற துணிவு எனக்கு வந்தது. வரிசையை அளக்கப் போகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தலையை எண்ண ஓர் ஆளைத் தனியாக வையுங்கள்.

அடுத்து, கவுன்டர் எவ்வளவு நேரம் வேலையில் இருக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு. பெண்கள் கவுன்டருக்கு வந்த வேலை 84 பேருக்கு இரண்டு நிமிடம் வீதம் 168 நிமிடம். கையில் இருந்தது 180 நிமிடம். ஆகவே பயன்பாட்டு விகிதம் 0.93. ஆண்கள் கவுன்டருக்கு அது 0.67. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைவிட நாற்பது விழுக்காடு கூடுதலாக உழைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் காத்திருப்பு நான்கு மடங்குக்கு அருகில் போயிருக்கிறது. வேலைச் சுமையின் அளவில் காத்திருப்பு ஏறுவதில்லை என்பதே வரிசைக் கோட்பாட்டின் முதல் பாடம், மனித உள்ளுணர்வு தவறுகிற முதல் இடமும் அதுவே.

வருகையும் சேவையும் முற்றிலும் தற்செயலாக அமையும் ஒற்றைக் கவுன்டரை எடுத்துக்கொண்டால், சராசரிக் காத்திருப்பைப் பெறப் பயன்பாட்டு விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் வகுத்துச் சேவை நேரத்தால் பெருக்க வேண்டும். பாதி நேரம் வேலையில் இருக்கும் கவுன்டரில் ஒருவர் காத்திருப்பது ஒரு சேவை நேரம். பயன்பாடு 0.8 ஆனால் நான்கு சேவை நேரம், 0.9 ஆனால் ஒன்பது, 0.95 ஆனால் பத்தொன்பது. அந்த மீதி சுருங்கச் சுருங்க வகுத்தல் வெடிக்கிறது. நிர்வாகியிடம் இதை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் வெகு நேரம் அந்தக் கோட்டின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ஆளு மெதுவா செய்யறதால இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை, அவர்களுக்கு மூச்சுவிட இடமில்லாததால்தான் என்றேன்.

இந்தச் சூத்திரங்களின் வேர் தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க்குக் கணிதவியலாளர் எர்லாங், அழைப்புகள் தற்செயலாக வரும்போது அவற்றின் எண்ணிக்கை, தொடர்பில்லாத நிகழ்வுகள் ஒரு கால அளவில் எத்தனை நேரும் என்பதைச் சொல்லும் பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது என்பதை 1909இல் காட்டினார். எத்தனை கம்பிகள் இருந்தால் எவ்வளவு அழைப்புகள் காத்திருக்கும், எவ்வளவு திரும்பிப் போகும் என்பதற்கான சூத்திரங்களை 1917இல் வெளியிட்டார். வேலைச் சுமையை அளக்கும் அலகுக்கே இன்று அவர் பெயர்தான். அந்த அலகில் சொன்னால் எங்கள் மருந்துக் கவுன்டர்கள் இரண்டும் சேர்ந்து தாங்கும் சுமை 1.6 எர்லாங்: நிமிடத்துக்கு 0.8 பேர், ஆளுக்கு 2 நிமிடம். மாணவிகள் பாடத்தில் படிக்கும் எம்/எம்/1, எம்/எம்/2 போன்ற குறியீடுகள் 1953இல் டேவிட் கெண்டல் கொண்டுவந்த முறையிலிருந்து வந்தவை. முதல் எழுத்து வருகையையும் இரண்டாவது சேவையையும் குறிக்கும். எண், கவுன்டர்களின் எண்ணிக்கை. எம் என்பது முன் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளாத தற்செயல்தன்மை.

எங்கள் மருத்துவமனையின் வருகையை அப்படித் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் சோதித்தோம். 180 நிமிடத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாக 36 பாகம் செய்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினோம். சராசரி 4. பாய்சான் பரவலாக இருந்தால் பரவற்படியும், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவும், 4ஐ ஒட்டி இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 4.6. அந்தக் கூடுதல் 0.6 எங்கிருந்து வருகிறது என்று தேடியதில், மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. முதல் மணி நேரத்தில் 40 பேர், நடு மணி நேரத்தில் 61 பேர், கடைசி மணி நேரத்தில் 43 பேர். ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் வருகை தற்செயலானதுதான். ஆனால் வீதமே நடுவில் ஏறுகிறது. பெண்களை மட்டும் பார்த்தால் நடு மணி நேரத்தில் 38 பேர் வந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்றால் ஒரு கவுன்டர் மணிக்கு 30 பேருக்குத்தான் கொடுக்க முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் வரிசை வளர்வதைத் தவிர வேறு வழியே இல்லை. மீதி நேரம் அது கரைவதற்குப் போனது.

இந்த இடத்தில் சூத்திரத்தின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன எளிய சூத்திரத்தில் 0.93ஐப் போட்டால் பெண்களின் காத்திருப்பு 28 நிமிடம் என்று வரும். நாங்கள் அளந்தது 14. மாணவிகள் இதைப் பார்த்துச் சோர்ந்துபோனார்கள். ஆனால் பிழை சூத்திரத்தில் இல்லை. முதலாவதாக, அது நீண்ட காலம் ஒரே வீதத்தில் ஓடி நிலைபெற்ற வரிசையைப் பற்றிப் பேசுகிறது. பயன்பாடு ஒன்றை நெருங்க நெருங்க அந்த நிலையை அடையவே நெடுநேரம் பிடிக்கும். வெறுமையில் தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் எங்கள் வரிசைக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. இரண்டாவதாக, சேவை நேரம் அது நினைக்கும் அளவுக்குச் சிதறியதல்ல. எங்கள் சேவை நேரத்தின் சராசரி 120 வினாடி, சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 96 வினாடி. ஆகவே விலக்கத்தைச் சராசரியால் வகுத்த மாறுபாட்டுக் கெழு 0.8, அதன் வர்க்கம் 0.64. கணிதவியலாளர்கள் போலாசெக்கும் கின்சினும் 1930களின் தொடக்கத்தில் தந்த சூத்திரத்தின்படி, அந்த வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கிய எண்ணால் பழைய விடையைப் பெருக்க வேண்டும். 0.82ஆல் பெருக்கினால் 28 என்பது 23 ஆகிறது. மீதி வித்தியாசம் நிலைபெறாமையின் கணக்கு. சூத்திரத்தை நான் நிமிடம் பிசகாத ஆரூடமாக எடுத்துக்கொள்ளவில்லை. எதைத் தொட்டால் காத்திருப்பு அதிகம் குறையும் என்பதைக் காட்டும் கருவியாகவே எடுத்துக்கொண்டேன். அந்த வேலையை அது செம்மையாகச் செய்தது.

அது சுட்டிக்காட்டிய இடங்கள் இரண்டு. சுமை இரண்டு கவுன்டர்களுக்கும் சமமாகப் பிரியவில்லை. சேவை நேரம் சிதறுகிறது.

முதலாவதன் அளவு எங்களையே திடுக்கிட வைத்தது. ஆண்கள் கவுன்டர் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆளில்லாமல் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் 47 நிமிடம் பெண்கள் வரிசையில் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கவுன்டருக்கும் ஒரே வரிசை என்று வைத்து எர்லாங்கின் காத்திருப்புச் சூத்திரத்தைப் போட்டால், பயன்பாடு இரண்டிலும் 0.8, வருகிறவர் காத்திருக்க நேரும் நிகழ்தகவு 0.71, சராசரிக் காத்திருப்பு மூன்றரை நிமிடம். ஓர் ஆளைக்கூடக் கூட்டாமல், ஒருவரையும் வேகமாக வேலை செய்யச் சொல்லாமல் கிடைக்கிற பயன் இது. ஒரு கவுன்டர் சும்மா இருக்க, மற்றொன்றில் கூட்டம் நிற்பது என்ற நிலை ஒரே வரிசையில் வரவே முடியாது.

சொல்வது எளிது. ஆண்களும் பெண்களும் நெருங்கி ஒரே வரிசையில் நிற்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் விரும்ப மாட்டார்கள், அதை நான் குறையாகவும் கருதவில்லை. நெரிசலில் நின்று பழகியவர்களுக்கு அந்தப் பிரிவு ஒரு பாதுகாப்பு. ஆகவே நிற்கும் வரிசையை அப்படியே விட்டுவிட்டு, கூப்பிடும் வரிசையை மட்டும் ஒன்றாக்கினோம். வாசலில் டோக்கன். ஆண்களுக்கு இடப்பக்க பெஞ்சு, பெண்களுக்கு வலப்பக்க பெஞ்சு, முன்போலவே. எந்தக் கவுன்டர் காலியானாலும் அடுத்த எண். வாடிக்கையாக வரும் ஒரு பாட்டி டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு நம்பரும் தெரியாது, கூப்புட்டா காதும் கேக்காதே தாயீ" என்றார். அதற்குப் பிறகுதான் எண்ணைக் கூப்பிடுவதோடு நில்லாமல் பெரிய அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டுவதும், படிக்க முடியாதவர்களின் டோக்கனைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் பழக்கமாயின. பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதாலேயே அன்று பாதிப் பேரின் முகம் தெளிந்திருந்தது. செருப்பு வைத்து இடம் பிடிக்கும் வேலை அன்றோடு நின்றது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை 141 பேர் வந்தார்கள். சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் 20 வினாடி. ஆண்களுக்கு இது முன்பைவிடக் கூடுதல் என்பதை மறைக்கக் கூடாது. அவர்களில் இருவர் வாய்விட்டுக் குறைப்பட்டார்கள். முந்தைய வாரத்தில் ஆண், பெண் எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 9 நிமிடம் 40 வினாடியாக இருந்தது. மூன்றரை நிமிடம் என்ற கணிப்பு எட்டாததற்கு அதே நடு மணி நேரம்தான் காரணம்: அதில் 60 பேர் வந்தார்கள், அந்த நேரத்தில் இரண்டு கவுன்டர்களும் கொடுக்கக்கூடியதும் சரியாக 60 பேருக்குத்தான்.

அடுத்து சேவை நேரம். இரண்டாவது செவ்வாய்க்கிழமையின் 144 சேவைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒன்றரை நிமிடத்தைச் சுற்றியே இருந்தன. ஆனால் 14 சேவைகள் ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தன. சராசரியாக ஆறு நிமிடம். பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்கள், மொத்த சேவை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய சீட்டில் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு முழு நாள் கவுன்டருக்கு உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு சீட்டில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலையும் இரவும், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் காலையில் ஒன்று, முப்பது நாளைக்கு. மருந்தாளுநர் எழுந்து பின்னால் உள்ள அலமாரியில் அட்டைப் பெட்டியைத் திறக்கிறார். பத்து மாத்திரை அட்டைகளில் ஆறை எண்ணி எடுக்கிறார், இன்னொரு பெட்டியிலிருந்து மூன்றை எடுக்கிறார், காகித உறைகளில் போடுகிறார், உறையின் மேல் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை வரைகிறார். பிறகுதான் நோயாளியிடம் பேசுகிறார். "சாப்பாட்டுக்கு அப்புறம்தாம்மா, வெறும் வயித்துல போடாதீங்க" என்று அவர் சொன்ன பதினைந்து வினாடிதான் அந்த இரண்டு நிமிடத்தில் மருந்தாளுநர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. அதில் ஒரு வினாடியைக்கூடக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். குறைக்க வேண்டியது அலமாரிக்கும் கவுன்டருக்கும் இடையிலான நடை.

ஆறு நிமிடச் சேவைகளின் கதை வேறு. மருத்துவரின் கையெழுத்து புரியவில்லை, அல்லது எழுதிய மருந்து இருப்பில் இல்லை. மருந்தாளுநர் சீட்டோடு மருத்துவர் அறைக்குப் போகிறார், உள்ளே வேறு நோயாளி இருப்பதால் வாசலில் நிற்கிறார், கேட்டுக்கொண்டு திரும்புகிறார். அத்தனை நேரமும் கவுன்டர் ஆளில்லாமல் கிடக்கிறது, வரிசை அசையவில்லை.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். அதிகம் எழுதப்படும் இரண்டு மருந்துகளுக்கும் முப்பது மாத்திரைக் கட்டுகளை முந்தைய நாள் மாலையே மருந்தாளுநர்கள் தயார் செய்துவிடுவார்கள்: மூன்று அட்டைகள், ஒரு ரப்பர் பேண்டு, அட்டையை வெட்டாமல், பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் வெளியே தெரியும்படி. சந்தேகமுள்ள சீட்டை ஒரு தட்டில் தனியே வைத்துவிட்டு, அந்த நோயாளியை முன் பெஞ்சில் உட்காரச் சொல்லி, அடுத்த எண்ணைக் கூப்பிட வேண்டும். தட்டில் சேர்ந்த சீட்டுகளை ஓர் உதவியாளர் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேட்டுவருவார். விடை வந்ததும் அந்த நோயாளிக்கே முதலிடம். நான்காவது செவ்வாய்க்கிழமை இதைப் பழகிக்கொள்வதற்கே போனது. புதிய முறை கைவராத நாளில் அளப்பது நியாயமல்ல என்பதால் அன்று நேரம் குறிக்கவில்லை.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை 150 பேர் வந்தார்கள். சேவை நேரத்தின் சராசரி 120 வினாடியிலிருந்து 105 ஆகக் குறைந்திருந்தது. இது பெரிய மாற்றமல்ல. திட்ட விலக்கம் 96இலிருந்து 58 ஆகியிருந்தது. பெரிய மாற்றம் இதுதான். மாறுபாட்டுக் கெழுவின் வர்க்கம் பாதிக்கும் கீழே, 0.31க்கு வந்துவிட்டது. பயன்பாடு 0.73. சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம் 10 வினாடி. மிக நீண்டது 11 நிமிடம். லிட்டில் விதியால் உரைத்துப் பார்த்தோம்: நிமிடத்துக்கு 0.83 பேர், 3.17 நிமிடம், ஆகவே 2.64 பேர். பெஞ்சுகளில் எண்ணிய 36 தலைக்கணக்குகளின் சராசரி 2.69.

தட்டில் ஒதுக்கப்பட்டவர்களின் நேரத்தைச் சேர்க்காமல் விட்டு நல்ல எண் காட்டிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். மருத்துவரிடம் கேட்டு வரும் வரை அவர்கள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் மேலே உள்ள காத்திருப்பில் அடக்கம். இப்படி ஒரு மாற்றத்துக்குப் பிறகு காத்திருப்பு வேறொரு பெயரில் வேறொரு மூலைக்கு நகர்ந்துவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம்.

நிர்வாகிக்குக் கொடுத்த அறிக்கையில் சராசரியை முதலில் எழுதவில்லை. இரண்டாவது செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் பொதுவான சராசரி பத்து நிமிடத்துக்கும் குறைவு; அதைக் கேட்டவர் இதில் என்ன குறை என்றுதான் கேட்பார். ஆனால் தரையில் உட்கார்ந்த பாட்டி அந்தச் சராசரிக்குள் இல்லை. ஆகவே பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் மருந்து வாங்க முன்னே போனார்கள் என்ற எண்ணை முதலில் எழுதினேன்: அன்று பெண்களுக்கு 24 நிமிடம், இப்போது எல்லோருக்கும் 7 நிமிடம். அடுத்து மிக நீண்ட காத்திருப்பு. சராசரி மூன்றாவதாக.

அவர் ஒரு கேள்வி கேட்டார். பயன்பாடு 0.73 என்றால் மருந்தாளுநர்கள் நான்கில் ஒரு பங்கு நேரம் சும்மா இருக்கிறார்கள் அல்லவா, அந்த நேரத்தில் இருப்புப் பதிவேட்டை எழுதச் சொல்லலாமே என்றார். எழுதலாம், ஆனால் வருகிறவரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடக்கூடிய வேலையாக இருக்க வேண்டும் என்றேன். அந்த ஓய்வுதான் அடுத்து ஐந்து பேர் ஒன்றாக வந்தால் தாங்குகிற இடம். அதை வேறு வேலையால் நிரப்பினால் பயன்பாடு மீண்டும் 0.93க்குப் போகும், வரிசையும் அதனோடு திரும்பி வரும். அவர் அன்று ஒப்புக்கொண்டார்; இது ஒருமுறை சொல்லி முடிகிற விஷயமல்ல என்பதால், பயன்பாட்டு வளைகோட்டை வரைந்த அந்தத் தாளை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நடு மணி நேரம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஐந்தாவது செவ்வாய்க்கிழமையும் அந்த ஒரு மணி நேரத்தில் 62 பேர் வந்தார்கள், 7 நிமிடத்துக்கு மேலான காத்திருப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கின. காரணம் மருந்து கவுன்டரில் இல்லை. வெறும் வயிற்றில் கொடுத்த ரத்தத்தின் சர்க்கரை முடிவுகளை ஆய்வகம் 10.15 மணிக்கு ஒரே கட்டாக மருத்துவர்களிடம் அனுப்புகிறது. அதுவரை வெளியே இருந்தவர்களை மருத்துவர்கள் அடுத்தடுத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பத்தரை மணியிலிருந்து மருந்துக்கு வருகிறார்கள். முடிவுகளை இருபது இருபதாகப் பிரித்து, 9.30 முதல் அனுப்ப முடியுமா என்று ஆய்வகத்தில் பேசியிருக்கிறோம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கான படிவத்தில், ரத்தம் கொடுத்த நேரம் என்று நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்தாகிவிட்டது.